அம்மாவுக்குக் கட்டிய வீடு

சிட்னி துறைமுகத்துக்கு வடக்கே ரயில் பாதை மேட்டு முகட்டின் மேலேயே போகிறது. பெய்த மழை இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் வழிகிற கோடு அது. 1890 ஜனவரி முதல் தேதி ஹார்ன்ஸ்பியிலிருந்து செயின்ட் லெனார்ட்ஸ் வரை இந்தப் பாதையைத் திறந்தபோது அதன் இருமருங்கும் பழத்தோட்டங்களும், மரவெட்டிகள் மிச்சம் விட்ட காடுமாகத்தான் இருந்தன. முகட்டில் களிமண். நீல கம் எனப்படும் யூகலிப்டஸ் அதில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு வளரும். முகட்டை விட்டுச் சரிவில் இறங்கினால் மணற்பாறை. அங்கே மரங்கள் முறுக்கிக்கொண்டு, குட்டையாகி, புதரோடு புதராக நிற்கும். ரயில் வந்ததும் காசுள்ளவர்கள் முகட்டின் நல்ல மண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். ஓர் ஊரில் பணக்காரத் தெரு எது என்று கேட்டால் பெரும்பாலும் மண்ணே பதில் சொல்லிவிடும்.

வாரூங்கா இந்த வடகரைப் பாதையின் மேல்கோடியில் இருக்கிறது. ஸ்டேஷனில் இறங்கி பர்ன்ஸ் ரோட்டுப் பக்கமாக நடந்தால் வரிசையாகச் செங்கல் வீடுகள். ஆறு காலனிகள் 1901இல் சேர்ந்து ஒரே நாடானதை ஒட்டிய வருஷங்களில் எழுந்தவை என்பதால் ஃபெடரேஷன் வீடுகள் என்று பெயர். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே ரூலர் வைத்துப் போட்டது போன்ற மெல்லிய வெள்ளைக் கோடு. மரத்தில் பூவேலை செய்த வராந்தா. சன்னல் கண்ணாடியில் ஈயப்பட்டை வைத்துக் கோத்த வாராட்டா மலரும் கூகபரா பறவையும். கூரையில் முன்னாளில் பிரான்சின் மார்செய் நகரிலிருந்து கப்பலேறி வந்த ஓடு. நம் மங்களூர் ஓட்டுக்கு நெருங்கிய சொந்தம், பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்துவிடும். 1914இல் போர் வந்து கப்பல் போக்குவரத்து நின்றுபோனதும் இங்கேயே சுட ஆரம்பித்தார்கள். ஹோவர்ட் ஜோஸ்லண்ட் என்ற கட்டடக் கலைஞர் வாரூங்காவில் இப்படிப் பல வீடுகள் கட்டினார், தானும் இங்கேயே குடியிருந்தார். அவர் இங்கிலாந்திலிருந்து வந்தவர்.

இந்தத் தெருக்களில் ‘பாரம்பரியம்’ என்ற சொல் அடிக்கடி காதில் விழும். பாரம்பரியத்துக்கு வயது நூற்றிருபது சொச்சம். கும்பகோணத்துக்காரர்கள் சிரிக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோட்டங்களில் கமேலியா, அசேலியா, ரோஜா. நவம்பரில் ஜகரண்டா பூத்து நடைபாதை நீலமாகும். அதன் ஊர் தென் அமெரிக்கா. பல வீடுகளின் வாசலில் இன்னும் ஒரு பித்தளைப் பலகை, அதில் ஏதோ ஓர் ஆங்கிலேயக் கிராமத்தின் பெயரோ ஸ்காட்லாந்து ஏரியின் பெயரோ இருக்கிறது. பிறந்த ஊரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவைத்தவர்களின் புறநகர் இது. அதில் குறை காண எனக்கு மனம் வருவதில்லை. பிரிட்டனிலிருந்து வந்தவர்களுக்கு அப்படிக் கொண்டுவர ஒரு வசதி இருந்தது: விட்டு வந்த ஊர் அங்கேயே பத்திரமாக இருந்தது. கடிதம் போடலாம், பணமிருந்தால் கப்பலேறிப் போய்ப் பார்த்துவிட்டும் வரலாம்.

இந்தச் செங்கல் வீடுகளைத் தாண்டி, புறநகர் ஓய்ந்து புதர்க்காடு தொடங்கும் விளிம்பில், கிளிசோல்ட் ரோட்டில் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கிறது. ரோஸ் சைட்லர் வீடு. 1948இல் தொடங்கி 1950இல் முடிந்தது. தட்டைக் கூரை. ஓடு இல்லை, முகடு இல்லை, புகைக்கூண்டைத் தூக்கிக் காட்டும் ஆசையும் இல்லை. கீழே உள்ளூர் மணற்பாறைச் சுவர்களும் ஒல்லியான இரும்புத் தூண்களும் தாங்க, மேலே வீடு காற்றில் நிற்கிற மாதிரி நிற்கிறது. நடுவில் ஒரு பகுதியை வெட்டியெடுத்துத் திறந்த மேடையாக்கியிருக்கிறார்கள். நம் வீட்டு முற்றத்தைத் தரையிலிருந்து ஒரு மாடி உயர்த்தி ஒரு பக்கச் சுவரை எடுத்துவிட்டால் ஏறக்குறைய அது. மேடையிலிருந்து ஒரு சாய்தளம் புல்வெளிக்கு இறங்குகிறது. மேடையின் சுவரில் பெரிய வண்ண ஓவியம், கட்டடக் கலைஞரே தீட்டியது. உட்காரும், சாப்பிடும் பகுதி ஒருபுறம், படுக்கையறைகள் மறுபுறம், இரண்டையும் இணைக்கும் இடத்தில் ஒரு திரைச்சீலை. இழுத்து மூடினால் அறை, திறந்தால் கூடம். தரையிலிருந்து மேல்வரை கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் பள்ளத்தாக்கு. தெருவுக்கு முகம் காட்ட வேண்டும் என்ற கவலையே இந்த வீட்டுக்கு இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் வருகிற போகிறவர்களுக்காக உடுத்திக்கொண்டு நிற்கும்போது இது முதுகைக் காட்டிக்கொண்டு காட்டைப் பார்த்தது. ஊர் சும்மா இருக்குமா? வேடிக்கை பார்க்க ஆட்கள் காரில் வந்தார்கள். 1951இல் கட்டடக்கலைக்கான சல்மன் பதக்கமும் வந்தது.

கட்டியவர் ஹாரி சைட்லர். அப்போது வயது இருபத்தைந்து. கட்டியது தன் அம்மா ரோஸுக்கும் அப்பா மாக்ஸுக்கும்.

ஹாரி 1923இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது பள்ளிக்கூடப் பையன். அந்த ஆண்டே இங்கிலாந்துக்குத் தப்பினார். இரண்டு வருஷம் கழித்து அதே இங்கிலாந்து அவரை எதிரி நாட்டு ஆள் என்று பிடித்து முகாமில் அடைத்தது. ஹிட்லரிடமிருந்து ஓடிவந்தவனை ஹிட்லரின் ஆளாக இருக்கக்கூடும் என்று அடைத்துவைத்த அந்தக் கூத்தை அவர் நாட்குறிப்பாக எழுதிவைத்தார், பிற்காலத்தில் அது புத்தகமாகவும் வந்தது. பிறகு கப்பலில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பினார்கள். கியூபெக்கில் முகாம். 1941 அக்டோபரில் விடுதலை, மனிடோபா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் படிப்பு. அங்கிருந்து ஹார்வர்ட். அங்கே வால்டர் குரோப்பியஸும் மார்செல் பிராயரும் ஆசிரியர்கள். பிளாக் மவுண்டன் கல்லூரியில் யோசெஃப் ஆல்பர்ஸிடம் வடிவமும் வண்ணமும். பின்பு நியூயார்க்கில் பிராயரிடமே வேலை.

இந்த ஆசிரியர் பட்டியலை ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். குரோப்பியஸ் 1919இல் ஜெர்மனியில் பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளியைத் தொடங்கியவர். பிராயர் ஹங்கேரியில் பிறந்தவர், அந்தப் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரானவர், யூதக் குடும்பம். ஆல்பர்ஸும் அங்கே ஆசிரியர். 1933இல் நாஜிகளின் நெருக்கடியில் பள்ளி மூடப்பட்டது; ஒவ்வொருவராக அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஊர் வாசனை இல்லாத, எந்த மண்ணிலும் நிற்கும் கட்டடம் என்று அவர்கள் பேசியதைக் கலைக் கொள்கையாகப் பாடப்புத்தகங்கள் எழுதிவைத்திருக்கின்றன. சரிதான். ஆனால் அதை ஓர் இளைஞனுக்குக் கற்பித்த நேரத்தில் கற்பித்தவர்களுக்கும் திரும்பிப் போக ஊர் இல்லை, கற்றவனுக்கும் இல்லை. வாசலில் பெயர்ப்பலகை மாட்ட ஒரு கிராமத்தின் பெயர் அவர்களிடம் மிச்சமிருக்கவில்லை. கொள்கைக்குள் இருந்த இந்தக் காயத்தைப் பார்க்காமல் அந்த வெள்ளைச் சுவர்களைப் பார்ப்பது பாதி பார்ப்பது.

பெற்றோர் போருக்குப் பிறகு, 1946இல், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். சிட்னியில் நிலம் இருக்கிறது, எங்களுக்கு வீடு கட்டித் தா என்று அம்மா மகனுக்கு எழுதினார். நியூயார்க்கை விட்டு வர மகனுக்கு விருப்பமில்லை. ஆனால் இருபத்தைந்து வயதில் சொந்தமாக ஒரு வீடு கட்டக் கிடைக்கும் வாய்ப்பை எந்தக் கட்டடக் கலைஞன் விடுவான்? வழியில் ரியோவில் இறங்கி, கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நீமையரிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு 1948இல் சிட்னி வந்தார். வீட்டை முடித்துவிட்டு அமெரிக்காவுக்குத் திரும்புவதாகத்தான் திட்டம். 2006இல் சிட்னியிலேயே இறந்தார்.

வரும்போது நாற்காலிகளையும் கொண்டுவந்தார். நியூயார்க்கில் வாங்கிய ஈம்ஸ் நாற்காலிகள், சாரினன் நாற்காலிகள், இரும்புக் கம்பியில் தோலை மாட்டித் தொங்கவிட்ட ஹார்டோய் நாற்காலி. வளைத்த ஒட்டுப்பலகை, குழாய்க் கால்கள், அழுத்தமான சில வண்ணங்கள். வீட்டுக்குள் வேறு சாமான் எதற்கும் இடம் இல்லை என்பது அவர் கட்சி. ரோஸிடமிருந்த வியன்னா மேசை நாற்காலிகளை அவர் ஒழித்துவிடச் சொன்னார் என்றும், அம்மா சம்மதித்தார் என்றும் அந்த வீட்டைப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் ரோஸ் விட்டுக்கொடுக்கவில்லையாம். வேலைப்பாடு செய்த வெள்ளிக் கரண்டிகளும் முள்கரண்டிகளும் கத்திகளும். அவற்றை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஹாரி சாப்பிட வரும் நாளில் மேசைக்கு வரக் கூடாது என்பது ஒப்பந்தம். மகன் வராத நாளில் அம்மா வெள்ளியை எடுத்து மேசையில் போட்டுக்கொள்வார்.

முதல் தடவை இதைக் கேட்டபோது வேடிக்கைக் கதையாகத்தான் இருந்தது. பிடிவாதக்கார மகன், சமர்த்தான அம்மா. கட்டடக்கலைக்காரர்கள் கூடுகிற இடங்களில் சிரிப்புக்காகச் சொல்வதற்கு ஏற்ற கதை. பின்னால் யோசித்துப் பார்த்தால் சிரிப்பு குறைகிறது. வியன்னாவிலிருந்து ஒரு யூதக் குடும்பம் 1938ஐத் தாண்டிக் கொண்டுவந்தது என்ன, விட்டு வந்தது என்ன என்று நினைத்துப் பாருங்கள். வீடு போயிற்று, தொழில் போயிற்று, சொந்தக்காரர்களில் எத்தனை பேர் போனார்கள் என்று கணக்கெடுக்கவே தைரியம் வேண்டும். அதில் தப்பி, இரண்டு கடல் தாண்டி, மூன்றாவது நாட்டில் வந்து நிற்கிறது ஒரு கரண்டிப் பெட்டி. அதை எடுத்து உள்ளே வை என்கிறான் மகன். அவனைக் கொடுமைக்காரன் என்று சொல்லிவிடலாமா? அம்மாவுக்கு அந்தக் கரண்டியில் அவள் வாழ்ந்த சாப்பாட்டு மேசை தெரிகிறது. மகனுக்கு அந்த மேசையிலிருந்து அவனை எழுப்பித் துரத்தியவர்கள் தெரிகிறார்கள். பதினைந்து வயதில் ஓர் ஊர் உன்னை வெளியே தள்ளினால், அந்த ஊரின் பூவேலையை ரசிக்க உனக்கு என்ன கடமை?

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. வெறுமையான சுவரும் வியன்னாவிலிருந்து வந்ததுதான். அலங்காரத்துக்கு எதிராக மிக உரத்துச் சண்டை போட்ட அடோல்ஃப் லூஸ் அந்த நகரத்துக்காரர். மிஹாயெலர் சதுக்கத்தில், பேரரசரின் அரண்மனைக்கு நேர் எதிரே, 1911 வாக்கில் அவர் ஒரு கட்டடத்தைக் கட்டி முடித்தார். சன்னல்களுக்கு மேல் வளைவும் சுருளும் வைப்பது அங்கே மரபு. லூஸ் வெறும் சுவரில் ஓட்டை போட்டதுபோல விட்டுவிட்டார். புருவம் இல்லாத வீடு என்று ஊர் கேலி செய்தது. அலங்காரமும் அலங்கார வெறுப்பும் ஒரே தெருவில் எதிரெதிர் வாசலில் குடியிருந்த நகரம் அது. ஆக வாரூங்கா வீட்டில் ஒரு வியன்னா அலமாரிக்குள் இருந்தது, இன்னொரு வியன்னா சுவராக நின்றது. தான் எதையும் கொண்டுவரவில்லை என்று மகன் நினைத்துக்கொண்டிருந்தான். பர்ன்ஸ் ரோட்டில் ஜோஸ்லண்ட் இங்கிலாந்தைக் கொண்டுவந்த மாதிரி அவனும் தன் ஊரைத்தான் கொண்டுவந்து இறக்கியிருந்தான். பித்தளைப் பலகை மாட்டவில்லை, அவ்வளவுதான்.

வீட்டின் வரைபடமும் பயணப்பட்டு வந்ததுதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு வீட்டுக்காக ஹாரி வரைந்து, கட்டப்படாமல் போன திட்டம் அதற்கு மூலம். அதை எடுத்துத் தெற்கு அரைக்கோளத்துக்குத் தக்கபடி திருத்தினார். அமெரிக்காவில் வெயில் தெற்கே, சிட்னியில் வடக்கே. பனி விழும் ஊருக்கு நினைத்த வீட்டைச் சூரியனையும் திசையையும் மாற்றி, கம் மரங்களுக்கு நடுவே நிறுத்தியாகிவிட்டது. நின்றுவிட்டது என்பதுதான் ஆச்சரியம். அந்த மணற்பாறைச் சுவர்கள் மட்டும் இல்லையென்றால் வீடு எங்கிருந்தோ பறந்துவந்து இறங்கியதாகவே தோன்றும். கல்தான் அதை அந்தச் சரிவோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது.

இதே சிட்னியில், இருபது இருபத்தைந்து வருஷம் முன்னால், வேறொரு வெளிநாட்டுக்காரர் வேறு மாதிரி முயன்றிருந்தார். கான்பெராவை வடிவமைத்த வால்டர் பர்லி கிரிஃபின், காசில்கிராக் என்ற இடத்தில் தாழ்வான கல்வீடுகளைப் பாறையோடு பாறையாகக் கட்டினார். வேலி போடக் கூடாது, உள்ளூர் மரத்தை வெட்டக் கூடாது என்றார். அவர் கடைசியில் லக்னோ போனார், 1937இல் அங்கேயே இறந்தார். கிரிஃபினின் வீடுகள் காட்டுக்குள் ஒளிந்துகொள்ளப் பார்க்கின்றன. சைட்லரின் வீடு காட்டை எதிரே உட்காரவைத்துப் பார்க்கிறது. எனக்குக் கிரிஃபினை அதிகம் பிடிக்கும் என்றாலும் சைட்லரின் நேர்மை புரிகிறது. வந்து சில மாதமே ஆனவன் இந்த மண்ணோடு எனக்கு ஆதிகாலத்து உறவு என்று நடித்தால் அது பொய்.

ஆதிகால உறவு உள்ளவர்கள் வேறு. கண்ணாடிக்கு அப்பால் விரிகிற அந்தப் பள்ளத்தாக்கு குரிங்கை சேஸ் தேசியப் பூங்காவின் பக்கம் போகிறது. 1894இல் ஒதுக்கிய காடு. அதன் பாறைத் தட்டுகளில் பழங்குடிகள் செதுக்கிய மீன்களும் திமிங்கிலங்களும் கங்காருகளும் மனிதர்களும் இன்றும் இருக்கின்றன. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போதுதான் கோடு துலங்கும். வடகரைப் புறநகர் முழுக்க இந்த மணற்பாறையை வெட்டி அஸ்திவாரம் போட்டது. ஃபெடரேஷன் வீட்டின் அடியிலும் அதே கல், வெள்ளைப் பெட்டியின் அடியிலும் அதே கல்.

சமையலறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக்கு வந்த பெண்கள் அதிகம் பார்த்தது அதைத்தானாக இருக்கும். பெரிய குளிர்சாதனப் பெட்டி, பாத்திரம் கழுவும் இயந்திரம், காய்கறிக் கழிவை அரைத்துத் தள்ளும் இயந்திரம். அன்றைய சிட்னியில் பனிக்கட்டி வாங்கிப் பெட்டியில் வைத்துப் பாலைக் காக்கும் வீடுகள் ஏராளம். போர் முடிந்தும் செங்கல்லுக்கும் மரத்துக்கும் தட்டுப்பாடு, வீட்டின் பரப்பளவுக்கு அரசே வரம்பு கட்டியிருந்தது. கல்நார் சிமெண்டுத் தகடு வாங்கி, சனி ஞாயிறுகளில் தானே ஆணி அடித்து வீடு கட்டிக்கொண்ட ஆயிரமாயிரம் பேரின் காலம். துணி காயப் போடும் ஹில்ஸ் சுழல்கொடி 1945இல் அடிலெய்டில் வந்தது. விக்டா புல்வெட்டும் இயந்திரம் 1952இல் சிட்னியின் கொன்கோர்டில் ஒருவரின் வீட்டு வளாகத்தில் பிறந்தது. இந்த இரண்டும்தான் ஆஸ்திரேலியப் புறநகரின் உண்மையான கட்டடக்கலை என்று எனக்குச் சில சமயம் படும். சனிக்கிழமை காலை தெருவெங்கும் கேட்கிற அந்தப் புல்வெட்டிச் சத்தத்தை எந்தப் பதக்கக் குழுவும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

சைட்லரின் சமையலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே முழுச் சுவர் இல்லை, அலமாரிதான் தடுப்பு. வீட்டின் அறைகள் ஒன்றுக்குள் ஒன்று ஓடலாம், சுவர் குறைவாக இருந்தால் வாழ்க்கை எளிதாகும் என்ற இந்த எண்ணம் அப்போது சிட்னிக்கு அதிர்ச்சி. இன்று நகரத்தின் மேற்கோரத்தில் வரிசை வரிசையாகக் கட்டி விற்கும் எந்த வீட்டைத் திறந்தாலும் அதுதான்: சமையல், சாப்பாடு, சோபா, டெலிவிஷன் எல்லாம் ஒரே கூடத்தில்.

நம்மவர்கள் கதைக்குள் வருவது இந்த இடத்தில். 1948இல் வந்திருக்க முடியாது. 1901இன் குடியேற்றச் சட்டம் நிறம் பார்த்துக் கதவடைத்தது, அந்த நிறத்தடை முற்றாக நீங்க 1973 ஆயிற்று. ரோஸும் மாக்ஸும் அகதிகள் என்று கேலிக்கு ஆளாகியிருக்கலாம், ஆனால் உள்ளே விடப்பட்டார்கள். இன்று ஹார்ன்ஸ்பியிலும் வைட்டாராவிலும் மேற்கே வென்ட்வொர்த்வில்லிலும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் வாங்கிய வீட்டுக்கு அம்மாக்கள் விசா எடுத்து வருகிறார்கள். வந்த முதல் வாரமே தாளிக்கிற புகைக்குக் கூரையிலிருக்கும் அலாரம் அலறும். மகன் ஸ்டூல் போட்டு ஏறி அதை நிறுத்துவான். கடுகும் வற்றலும் வெடித்த வாசனை சோபாவரைக்கும் போகிறது என்று யாராவது சொல்வார்கள். ஹார்வர்டில் குரோப்பியஸ் சொல்லிக்கொடுத்த திறந்த கூடத்தில் நின்றுகொண்டு நம் அம்மா சமைக்கிறார் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

இதற்குச் சந்தை ஒரு தீர்வு கண்டுபிடித்திருக்கிறது. புதுவீட்டுக் கம்பெனிகள் இப்போது ஸ்பைஸ் கிச்சன் என்று ஒன்றைச் சேர்த்து விற்கின்றன. பளபளக்கும் பெரிய சமையலறைக்குப் பின்னால், கதவு வைத்த, சின்னதான, உண்மையில் சமைக்கிற சமையலறை. முன்னால் இருப்பது வந்தவர்கள் பார்க்க. பின்னால் இருப்பது அம்மாவுக்கு. ரோஸின் கரண்டி அலமாரி வளர்ந்து ஓர் அறையாகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தலைமுறைகளுக்கு நடுவே இப்படி ஒரு கதவு தேவைப்படுவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு வீடு நடத்துவது குடியேறிய குடும்பங்களுக்குக் கைவந்த கலை. கறிவேப்பிலைச் செடியைப் பின்பக்கம் வைத்து முன்பக்கம் கமேலியா வைக்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

சைட்லர் பின்னாளில் ஊரறிந்த ஆள் ஆனார், ஊர் வெறுத்த ஆளாகவும் ஆனார். துறைமுக ஓரத்தில் 1962இல் அவர் எழுப்பிய புளூஸ் பாயிண்ட் டவர் இன்றும் பலருக்கு ஆகாது. நகராட்சிகளோடு அவர் போடாத சண்டை இல்லை; புதுமையைக் கண்டு பயப்படும் குமாஸ்தாக்கள் என்பது அவர் தீர்ப்பு. 1966இல் சிட்னி ஓபரா ஹவுஸை வடிவமைத்த ஊட்சன் அந்த வேலையிலிருந்து விலக நேர்ந்தபோது அவருக்காகத் தெருவில் இறங்கியவர்களில் சைட்லர் முக்கியமானவர். விட்டுக்கொடுக்கத் தெரியாத மனிதர். அம்மாவிடம் மட்டும் ஒரு பெட்டிக் கரண்டி அளவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்.

பெற்றோர் 1967 வரை வாரூங்கா வீட்டில் இருந்தார்கள். அதே வருஷம் ஹாரியும் அவர் மனைவி பெனலோப்பும் சேர்ந்து வடிவமைத்த சொந்த வீடு சில ஸ்டேஷன்கள் தள்ளி கில்லாராவில் முடிந்தது. கான்கிரீட்டும் கல்லுமாகப் பாறைச்சரிவில் இறங்கும் வீடு. அம்மா வீட்டை 1988இல் வரலாற்று இல்லங்களைப் பராமரிக்கும் மாநில அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். 1991இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. ஒரு காலத்தில் அக்கம்பக்கத்தின் அழகைக் கெடுக்க வந்தது என்று முகம் சுளிக்கப்பட்ட வீடு இப்போது பாதுகாக்கப்பட்ட பாரம்பரியச் சின்னம். பர்ன்ஸ் ரோட்டின் வராந்தாக்களோடு சரிசமமாக உட்கார்ந்துவிட்டது.

கூத்து அதோடு நிற்கவில்லை. அந்த வீட்டுப் புல்வெளியில் ஐம்பதுகளின் சந்தை என்று விழா நடத்தினார்கள். பாவாடையை விரித்துக்கொண்டு, முடியைச் சுருட்டி உயர்த்தி, பழைய கார்களில் வந்து, பழைய பாட்டுக்கு ஆடினார்கள். கடைகளில் பழைய தட்டும் பழைய விளக்கும் பழைய சட்டையும். பழையதைத் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கட்டிய வீடு பழசின் மேல் ஏங்குபவர்களின் திருவிழா மைதானமானதைச் சைட்லரும் உயிரோடு இருந்து பார்த்திருக்கிறார். என்ன நினைத்தாரோ.

வடகரையில் பின்னால் வந்த சண்டை வேறு. 2024இல் மாநில அரசு ரோஸ்வில், லிண்ட்ஃபீல்ட், கில்லாரா, கோர்டன் ஸ்டேஷன்களைச் சுற்றி நானூறு மீட்டருக்குள் ஆறு மாடி அடுக்ககங்களுக்கு வழி திறந்தது. குரிங்கை நகராட்சி வழக்குப் போட்டது. நகரத்தில் வாடகை கொடுத்து மாளாத இளைஞர்கள் ஒரு பக்கம், நூறு வருஷ மரத்தையும் ஓட்டுக்கூரையையும் கட்டிக்காப்பவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நழுவ எனக்கு இஷ்டமில்லை: ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு கட்டாமல் வேறு எங்கே கட்டுவது? வந்து இறங்கியவர்களால் ஆன புறநகர், இனி வருபவர்களுக்கு இடமில்லை என்று சொல்வதற்கு மரத்தைக் காரணம் காட்டினால், அந்த மண்ணில் முதலில் நின்ற நீல கம் மரங்களை வெட்டியது யார் என்று கேட்கத் தோன்றும்.

ரோஸ் வீட்டுக்குள் இன்று போனால் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது. ஈம்ஸ் நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் ஈம்ஸ் நாற்காலி. 1950இல் இருந்த நிலைக்கு வீட்டை மீட்டிருக்கிறார்கள். போருக்குப் பிந்தைய வீட்டு உள்ளமைப்பு இவ்வளவு முழுமையாகத் தப்பியிருப்பது அரிது. பராமரிப்பவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 1950 என்ற தேதியைத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பது ஹாரியின் வீடு. புகைப்படம் எடுப்பதற்காக நிறுத்திவைத்த, யாரும் இன்னும் உட்காராத வீடு. ரோஸ் அதற்குப் பிறகு அங்கே பதினேழு வருஷம் குடியிருந்தார். பத்து வருஷம் குடியிருந்த வீட்டில் ஓர் அம்மா எந்த முக்கில் எதைச் சொருகியிருப்பார், எந்தப் பரணில் எதைப் போட்டுவைத்திருப்பார், மகன் வருகிறான் என்று போன் வந்ததும் எதையெதை அவசரமாக எடுத்து உள்ளே வைப்பார் என்று எல்லா மகன்களுக்கும் தெரியும். 1960இன் ஏதாவது ஒரு புதன்கிழமை இருந்த நிலைக்கு அந்த வீட்டை மீட்டுத் தந்தால் இன்னொரு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்க நான் தயார்.